மரைன் இன்ஜினியரிங் சேர்க்கலாமா? முதல் கப்பலிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள்

கேள்வி: மகன் பிளஸ் டூ எழுதியிருக்கிறான். மரைன் இன்ஜினியரிங்கில் எதிர்காலம் உண்டா? படித்து முடித்த பலர் கப்பல் கிடைக்காமல் வீட்டில் இருக்கிறார்களாமே, அப்படியானால் சம்பளம் பற்றிச் சொல்வதெல்லாம் பொய்யா? ஒரு ஏஜென்ட், பணம் கட்டினால் கப்பல் உறுதி என்கிறார். நம்பலாமா?

பதில்:

எதிர்காலம் உண்டு. வேலையில்லாமல் வீட்டில் இருப்பவர்களும் உண்டு. சம்பளம் பற்றிச் சொல்வதும் பெரும்பாலும் உண்மை. மூன்றும் எப்படி ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும் என்பது புரிந்துவிட்டால், மகனைச் சேர்ப்பதா வேண்டாமா என்பதை நீங்களே முடிவு செய்துவிடலாம்.

பிம்கோ, ஐ.சி.எஸ். என்ற இரண்டு சர்வதேசக் கப்பல்துறைச் சங்கங்கள் 2021-ல் வெளியிட்ட அறிக்கை, உலகக் கப்பல்களில் 26,240 அதிகாரிகளுக்குப் பற்றாக்குறை என்றது. 2026-க்குள் கூடுதலாக 89,510 அதிகாரிகள் தேவைப்படுவார்கள் என்றும் கணக்கிட்டது. கல்லூரி விளம்பரங்கள் இந்த எண்களை எடுத்துப் போட்டுக்கொள்கின்றன. அந்த அதிகாரிகள் யார் என்பதை மட்டும் சொல்வதில்லை. சான்றிதழும் அனுபவமும் உள்ள செகண்ட் இன்ஜினியர், சீஃப் இன்ஜினியர், குறிப்பாக டேங்கரிலும் எரிவாயுக் கப்பலிலும் ஓடியவர்கள், இவர்களுக்குத்தான் தட்டுப்பாடு. படித்துவிட்டு வெளியே வரும் டிரெய்னிக்குத் தட்டுப்பாடு எதுவும் இல்லை, நெரிசல்தான்.

நெரிசலுக்குக் காரணம் மிக எளிது: கட்டில். ஒரு பெரிய சரக்குக் கப்பலில் 20 முதல் 25 பேர் வேலை செய்கிறார்கள். கேபின்கள் அந்த எண்ணிக்கையை ஒட்டித்தான் கட்டப்படுகின்றன. உயிர்காப்புப் படகில் எத்தனை பேர் ஏறலாம் என்று கப்பலின் பாதுகாப்புச் சான்றிதழில் எழுதியிருக்கும், அதற்கு மேல் ஒருவரைக்கூட ஏற்ற முடியாது. ஆகவே இன்ஜின் பிரிவில் டிரெய்னிக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு இடம். கம்பெனி தன் ஸ்பான்சர்ஷிப்பில், அதாவது முடித்ததும் கப்பலேற்றுவதாக முன்பே கடிதம் வாங்கிக்கொண்டு, படிக்கும் பையன்களைத்தான் முதலில் அந்த இடத்தில் உட்கார வைக்கும். மீதி இருப்பது சொற்பம்.

இந்தக் கட்டில் கிடைக்காவிட்டால் பட்டத்தை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. பி.டெக். மரைன் முடித்தவர் அதிகாரியாக வேலை பார்க்க ‘கிளாஸ் ஃபோர்’ என்று எல்லோரும் சொல்லும் எம்.இ.ஓ. நான்காம் வகுப்புச் சான்றிதழ் வேண்டும். அந்தத் தேர்வை எழுத, 750 கிலோவாட்டுக்குக் குறையாத இன்ஜின் உள்ள கப்பலில் 6 மாதம் பயிற்சி முடித்திருக்க வேண்டும். கப்பல் இல்லையேல் கடல் சேவை இல்லை, கடல் சேவை இல்லையேல் தேர்வு இல்லை, தேர்வு இல்லையேல் எந்தக் கம்பெனியும் அதிகாரியாக எடுக்காது. வீட்டில் இருக்கிறார்கள் என்று நீங்கள் கேள்விப்பட்டவர்கள் சிக்கிக்கொண்ட இடம் இதுதான்.

அதனால் கல்லூரி எது என்று தேடுவதற்கு முன் ஸ்பான்சர்ஷிப் தேடுங்கள்.

வழிகள் என்னென்ன

பிளஸ் டூவுக்குப் பிறகு நேராகச் சேர்வது நான்கு ஆண்டு பி.டெக். மரைன் இன்ஜினியரிங். இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகம், அதாவது ஐ.எம்.யூ., 2008-ல் நாடாளுமன்றச் சட்டத்தால் உருவானது. தலைமையகம் சென்னையில்தான் இருக்கிறது. கொல்கத்தா, மும்பை, சென்னை வளாகங்களில் இந்தப் படிப்பு உண்டு. இவற்றில் கொல்கத்தா வளாகம் 1949-ல் தொடங்கிய டி.எம்.இ.டி. என்ற பழைய அரசு மரைன் பயிற்சி நிறுவனத்தின் வாரிசு, இன்று பல கம்பெனிகளில் டெக்னிக்கல் பிரிவின் உயர் பதவிகளில் இருப்பவர்கள் அங்கே படித்தவர்கள். இவை தவிர, மத்திய அரசின் கப்பல் துறை இயக்குநரகமான டி.ஜி. ஷிப்பிங் அங்கீகரித்த தனியார் கல்லூரிகளும் இருக்கின்றன. சேர்வதற்கு ஐ.எம்.யூ. பொது நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். இயற்பியல், வேதியியல், கணிதம் மூன்றிலும் சேர்த்து 60 சதவீதம், பத்தாம் வகுப்பிலோ பன்னிரண்டிலோ ஆங்கிலத்தில் 50 சதவீதம், வயது 25-க்குள். இது விதிப்படி குறைந்தபட்சம். ஸ்பான்சர் செய்யும் கம்பெனிகள் இதைவிடக் கூடுதலாகக் கேட்பது வழக்கம்.

இரண்டாவது வழி, மெக்கானிக்கல் பி.இ. முடித்துவிட்டு ஜி.எம்.இ. என்கிற ஓராண்டுப் பயிற்சியில் சேர்வது. கடைசியில் கையில் கிடைப்பது அதே கிளாஸ் ஃபோர்தான், ஏறும் கப்பலும் அதே கப்பல்தான். ஸ்பான்சர்ஷிப் கிடைக்காத பையனுக்கு இந்த வழிதான் நல்லது என்பது என் கருத்து. காரணம், மெக்கானிக்கல் பட்டம் கரையிலும் செல்லுபடியாகும். பொதுத்துறை நிறுவன அறிவிப்புகளைப் புரட்டிப் பாருங்கள், தகுதி என்ற இடத்தில் மெக்கானிக்கல் இருக்கும், மரைன் பெரும்பாலும் இருக்காது. கேட் தேர்வில் நேவல் ஆர்க்கிடெக்சர், மரைன் இன்ஜினியரிங்குக்குத் தனித்தாள் வந்ததே 2022-ல்தான். கப்பல் கிடைக்காத பி.டெக். மரைன் பட்டதாரிக்குக் கரையில் கதவுகள் குறைவு. மெக்கானிக்கல் படித்தவன் கம்பெனித் தேர்வுகளை எழுதிக்கொண்டே வேறு வேலையும் தேடலாம். ஜி.எம்.இ.க்கும் வயது வரம்பு உண்டு, பட்டம் வாங்கிப் பல ஆண்டு கழித்து யோசிப்பவருக்கு வழி அடைத்துப் போகும்.

எலக்ட்ரிகல், எலக்ட்ரானிக்ஸ் படித்தவர்களுக்கு இ.டி.ஓ. என்ற எலக்ட்ரோ டெக்னிக்கல் ஆபீசர் பயிற்சி இருக்கிறது, சுமார் நான்கு மாதம். படிப்பு குறுகியது, செலவும் குறைவு. ஆனால் ஒரு கப்பலுக்கு ஒரே ஒரு இ.டி.ஓ., சில கப்பல்களில் அதுவும் இல்லை. மேலே ஏறுவதற்குப் படிகளும் கிடையாது. மெக்கானிக்கல் டிப்ளமோ படித்தவர்களுக்கு இரண்டாண்டு முன்பயிற்சி உண்டு. பத்தாம் வகுப்பு முடித்தவர்கள் ஆறு மாத ஜி.பி. ரேட்டிங் படித்து அதிகாரியல்லாத பணிக்குப் போகிறார்கள், தூத்துக்குடிப் பக்கம் இது தெரிந்த பாதை.

கப்பல் கட்டும் படிப்பை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அது நேவல் ஆர்க்கிடெக்சர். ஐ.ஐ.டி. மெட்ராஸிலும் ஐ.எம்.யூ. விசாகப்பட்டினம் வளாகத்திலும் இருக்கிறது. அதைப் படித்தவர் கப்பலை வடிவமைப்பார், இன்ஜின் ரூமில் வாட்ச் எனப்படும் முறைப்பணியில் நிற்க மாட்டார்.

பணம் கட்டுவதற்கு முன் ஒரு மருத்துவப் பரிசோதனை

நுழைவுத் தேர்வுக்கே இன்னும் பதிவு செய்யவில்லை என்றால், முதலில் டி.ஜி. ஷிப்பிங் அங்கீகரித்த மருத்துவரிடம் மகனைக் கூட்டிக்கொண்டு போங்கள். கண்ணாடி போட்டிருந்தால் இன்ஜின் பிரிவில் ஓரளவு சலுகை உண்டு. பவர் எவ்வளவு வரை என்பதை அவரே அளந்து சொல்வார். நிறக்குருடுக்கு மட்டும் சலுகையே கிடையாது. இஷிஹாரா அட்டையில் புள்ளிகளுக்கு நடுவே இருக்கும் எண் தெரியாவிட்டால் அதோடு முடிந்தது. குழாய்களின் நிறப்பட்டை, ஒயர்கள், பேனலின் சிவப்பு பச்சை விளக்குகள் என்று எல்லாமே நிறத்தை நம்பி ஓடுகிற இடம் அது. இது தெரியாமல் நான்காண்டு கட்டணமும் கட்டி, கடைசியில் கம்பெனியின் மருத்துவரிடம் வெளியே வருபவர்கள் இருக்கிறார்கள். சிறு செலவில் முன்பே தெரிந்துகொள்ளக் கூடிய விஷயம்.

ஸ்பான்சர்ஷிப் தேர்வுகளைப் பெரிய கம்பெனிகளே நடத்துகின்றன. எழுத்துத் தேர்வில் பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியலும் கணிதமும் ஆங்கிலமும் வரும், பிறகு மனநிலைத் தேர்வு, நேர்காணல். நேர்காணலில் பல பையன்கள் விழுவது ஆங்கிலத்தில்தான். கப்பலில் பிலிப்பினோவும் உக்ரைனியரும் சீனரும் இருப்பார்கள், எல்லோருக்கும் பொதுவானது ஆங்கிலம். இலக்கணப் பிழை இருக்கலாம், ஆனால் கேட்டதற்குத் தயங்காமல் பதில் சொல்ல வர வேண்டும். ஸ்பான்சர்ஷிப் கடிதம் கிடைத்தாலும் முழுதாகப் படியுங்கள். அரியர் இருந்தால் ரத்து, மருத்துவத் தகுதி போனால் ரத்து, சந்தை நிலவரம் மோசமானால் காத்திருப்பு என்று நிபந்தனைகள் இருக்கும். எத்தனை மாதத்துக்குள் கப்பலேற்றுவார்கள் என்பது எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஒன்றைச் சொல்ல வேண்டும். கல்லூரி காட்டும் ‘நூறு சதவீத பிளேஸ்மென்ட்’ பலகையைவிட, போன ஆண்டு முடித்த பத்துப் பேரின் தொலைபேசி எண்ணைக் கேட்டு வாங்கிப் பேசுவது மேல். ‘ஆஃபர் லெட்டர் வந்ததா’ என்று கேட்காதீர்கள். ‘சைன் ஆன் ஆகிவிட்டதா, எந்த மாதம்’ என்று கேளுங்கள், அதாவது கப்பலில் ஏறிச் சேர்ந்தாயிற்றா என்று.

டிரெய்னி மாதங்களில் எங்கே தவறுகிறது

கப்பலேறும் முன் தேவைப்படுபவை: பாஸ்போர்ட், மாலுமிகளுக்கான அரசுப் பதிவு எண்ணான இண்டோஸ் எண், கடல் சேவையைப் பதியும் மாலுமிப் புத்தகமான சி.டி.சி., அடிப்படைப் பாதுகாப்புப் பயிற்சிகள். இந்தப் பயிற்சிகளில் கடலில் உயிர் பிழைத்தல், தீயணைப்பு, முதலுதவி, தனிநபர் பாதுகாப்பும் சமூகப் பொறுப்பும், கப்பல் பாதுகாவல் ஆகியவை அடங்கும். டேங்கரில் ஏறுபவருக்கு டேங்கர் பயிற்சி தனி. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியும் போட வேண்டும். இண்டோஸில் உள்ள பெயருக்கும் பாஸ்போர்ட்டில் உள்ள பெயருக்கும் ஒரு எழுத்து வேறுபட்டால்கூடப் பின்னால் தலைவலி. இனிஷியலை விரித்து எழுதுவதில் நம் ஊர்ப் பையன்கள் அடிக்கடி மாட்டிக்கொள்கிறார்கள், எல்லா ஆவணத்திலும் ஒரே மாதிரி இருக்கும்படி தொடக்கத்திலேயே சரிசெய்து விடுங்கள்.

கப்பலில் டி.ஏ.ஆர். புத்தகம் என்ற பயிற்சிப் பதிவேட்டை நிரப்ப வேண்டும். ஒவ்வொரு வேலையையும் செய்து காட்டி, மேற்பார்வை இன்ஜினியரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். கடைசி வாரத்தில் மொத்தமாக வாங்கிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டால், செகண்ட் இன்ஜினியர் நடுவில் சைன் ஆஃப் ஆகிப் போய்விடுவார், புதிதாக வந்தவர் ‘என் முன்னால் செய்யாததற்கு நான் ஏன் கையெழுத்துப் போட வேண்டும்’ என்பார். அவர் கேட்பது நியாயம்தான். கடல் சேவைச் சான்றில் இன்ஜினின் கிலோவாட், வாட்ச் நின்ற மாதங்கள், சி.டி.சி.யில் முத்திரை குத்திய தேதிகள் மூன்றும் பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால், தேர்வு நடத்தும் அரசு அலுவலகமான எம்.எம்.டி. விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பும், கம்பெனியிடம் திருத்திய கடிதம் வாங்குவதற்குள் ஒரு மாதம் போய்விடும்.

பிறகு உயர்நிலைத் தீயணைப்பு, உயிர்காப்புப் படகு, மருத்துவ முதலுதவி, இன்ஜின் ரூம் சிமுலேட்டர் பயிற்சிகளை முடித்து, எழுத்துத் தேர்வும் ஓரல்ஸ் எனப்படும் வாய்மொழித் தேர்வும். எல்லோரும் பயப்படுவது ஓரல்ஸுக்கு. நான்கு பிரிவுகளில் நடக்கும்: மரைன் இன்ஜினியரிங், மின்சாரமும் கட்டுப்பாடும், பராமரிப்பு, கப்பலின் இயக்கமும் ஆட்களின் நலனும். புத்தக விடை அங்கே போதாது. ‘கப்பல் பிளாக்கவுட் ஆகிவிட்டது, மின்சாரமே இல்லை, என்ன செய்வாய்’ என்று கேட்பார்கள். எமர்ஜென்சி ஜெனரேட்டர் 45 வினாடிக்குள் லோட் எடுக்க வேண்டும் என்று எண் சொன்னால் மட்டும் விடமாட்டார்கள். அது எடுக்கவில்லை, அடுத்தது என்ன என்பார்கள். ஸ்டார்ட்டிங் ஏர் பாட்டிலில் நிரம்பியுள்ள அழுத்தக் காற்றை வைத்தே, இடையில் மீண்டும் நிரப்பாமல் மெயின் இன்ஜினை எத்தனை முறை கிளப்ப முடிய வேண்டும்? ரிவர்ஸ் ஆகும் இன்ஜினுக்கு 12, ஆகாததற்கு 6. இன்ஜினின் அடிப்பெட்டியான கிராங்க்கேஸில் எண்ணெய்ப் புகை அலாரம் அடித்தால்? வேகத்தைக் குறை, கப்பலை ஓட்டும் பிரிட்ஜுக்குச் சொல், நிறுத்து, கதவுப் பக்கம் யாரும் நிற்காதே, குறைந்தது 20 நிமிடம் ஆறாமல் கதவைத் திறக்காதே. சூடான எண்ணெய்ப் புகையில் வெளிக்காற்று கலந்தால் வெடிக்கும். இந்தக் கடைசிக் காரணத்தைச் சொல்லத் தெரியாதவன் மீண்டும் வர வேண்டியதுதான்.

உள்ளே வேலை எப்படி இருக்கும்

ஏணி இது: ஃபோர்த், தேர்ட், செகண்ட், சீஃப். ஃபோர்த் இன்ஜினியர் பியூரிஃபையர், ஏர் கம்ப்ரஸர், எரிபொருள் மாற்றம், பங்கரிங் எனப்படும் எரிபொருள் நிரப்புதல் ஆகியவற்றைப் பார்ப்பார். தேர்டிடம் ஜெனரேட்டர்களும் பாய்லரும். செகண்டிடம் மெயின் இன்ஜினும் மொத்த ஆட்களின் அன்றாட வேலைப் பங்கீடும். சீஃப் எல்லாவற்றுக்கும் பொறுப்பு, கையெழுத்தும் அவருடையது. கம்பெனிக்குக் கம்பெனி இது கொஞ்சம் மாறும்.

இன்ஜின் ரூமில் 40 டிகிரிக்கு மேல் சாதாரணம், வெப்பமண்டலக் கடலில் பியூரிஃபையர் அறை அதையும் தாண்டும். சத்தம் 100 டெசிபெல்லைத் தாண்டும், காது மூடி இல்லாமல் நிற்கக் கூடாது. கனரக எரிபொருளை 98 டிகிரிக்குச் சூடாக்கிப் பியூரிஃபையரில் சுழற்றி, நீரையும் அழுக்கையும் பிரிக்க வேண்டும். வெப்பம் ஏறி இறங்கினாலோ, அதிலுள்ள கிராவிட்டி டிஸ்க் என்ற வளையத்தின் அளவு தவறினாலோ, நீர் போகும் வழியில் எண்ணெயே வெளியேறிவிடும். இரவு இரண்டு மணிக்கு அலாரம் அடிக்கும். பெரும்பாலான புதிய கப்பல்களில் இரவில் இன்ஜின் ரூமில் ஆள் இருப்பதில்லை, முறைப்படி டியூட்டியில் இருப்பவர் கேபினில் அலாரத்தோடு தூங்குவார். அடித்தால் எழுந்து போக வேண்டும், போய் வந்து தூங்கினாலும் காலை எட்டுக்கு வேலை. சட்டப்படி 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி நேரமும் வாரத்தில் 77 மணி நேரமும் ஓய்வு உண்டு. துறைமுகம் நெருக்கமாக இருக்கும் ஓட்டத்தில் இதைக் காகிதத்தில் மட்டும் காப்பாற்றும் கப்பல்களும் உண்டு.

2020 ஜனவரி 1 முதல் எரிபொருளில் கந்தகம் 0.50 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்றானபின் ஃபோர்த்தின் தலைவலி கூடியது. இரண்டு துறைமுகங்களில் வாங்கிய எரிபொருளை ஒரே டேங்கில் கலந்தால் சேராமல் கசடு கட்டும், வடிகட்டி அடைத்து இன்ஜின் நிற்கும். சுத்திகரிப்பு ஆலையிலிருந்து வரும் அலுமினியம், சிலிக்கான் துகள்கள் சிலிண்டரின் உட்சுவரான லைனரைச் சுரண்டும். எரிபொருளில் இவை கிலோவுக்கு 60 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்கிறது தரவிதி. இன்ஜினுக்குள் போகும்போது 10, 15-க்கு இறக்கியிருக்க வேண்டும். இறக்குவது அந்தப் பியூரிஃபையர்தான். வேலையின் மதிப்பு இங்கே தெரியும்.

ஒரு ஆபத்தைப் பற்றிக் கல்லூரியில் யாரும் அழுத்திச் சொல்வதில்லை. இன்ஜின் ரூம் அடியில் சேரும் எண்ணெய் நீரைச் செப்பரேட்டர் வழியே 15 பி.பி.எம்.முக்குக் கீழ் கொண்டுவந்துதான் கடலில் விட வேண்டும். செப்பரேட்டர் அடைத்துக்கொண்டால், ஒரு குழாயை மாற்றிப் போட்டு நேராகக் கடலில் விட்டுவிடும் தந்திரத்தைக் கப்பல்காரர்கள் ‘மேஜிக் பைப்’ என்பார்கள். அமெரிக்கத் துறைமுகத்தில் பிடிபட்டால் சீஃப் இன்ஜினியருக்குச் சிறை, கம்பெனிக்கு அபராதம். புகார் கொடுத்தவருக்கு அபராதத்தில் பாதி வரை பரிசு தர அந்நாட்டுச் சட்டத்தில் இடமுண்டு. ஆய்வாளர் குழாயைத் தேடுவதற்கு முன் எண்ணெய்ப் பதிவேட்டைத்தான் எடுப்பார். தினமும் எரித்த கனரக எரிபொருளில் ஒரு சதவீதமோ அதற்குச் சற்று மேலோ கசடாக வர வேண்டும், அந்தக் கசடு எரியூட்டியிலோ கரை ரசீதிலோ டேங்கிலோ இருக்க வேண்டும். எங்கும் இல்லையென்றால் அது கடலில் இருக்கிறது. மேலதிகாரி சொன்னார் என்று ஃபோர்த் இன்ஜினியர் அந்தக் குழாயில் கை வைக்கக் கூடாது, பதிவேட்டில் பொய் எழுதவும் கூடாது. ஒரே கையெழுத்தில் பிழைப்பே போய்விடும்.

பணம்

இவை வெளிநாட்டுக் கொடிக் கப்பல்களின் தோராயமான மாதச் சம்பளங்கள், கம்பெனியும் கப்பல் வகையும் பொறுத்து மாறும். டிரெய்னிக்குச் சில நூறு டாலர். ஃபோர்த்துக்கு 2,500 முதல் 4,000. தேர்டுக்கு 3,500-க்கு மேல். செகண்டுக்கு 6,500 முதல் 9,000. சீஃப்புக்கு 8,500 முதல் 12,000, எல்.என்.ஜி. கப்பலில் இன்னும் மேலே. தேர்டுக்கும் செகண்டுக்கும் இடையே உள்ள தாவலைக் கவனியுங்கள். அந்த இடைவெளியின் பெயர், செகண்டாக ஏறத் தேவையான கிளாஸ் டூ தேர்வு.

ஆனால் மாதச் சம்பளத்தைப் பன்னிரண்டால் பெருக்காதீர்கள். ஒப்பந்தம் ஓடும் மாதங்களுக்குத்தான் பெரும்பாலான கம்பெனிகள் பணம் தருகின்றன. இளநிலை அதிகாரிக்கு ஒப்பந்தம் ஆறு ஏழு மாதம், பிறகு இரண்டு மூன்று மாதம் வீடு. மாதம் 3,000 டாலர் வாங்கும் ஃபோர்த் ஆண்டில் எட்டு மாதம் கப்பலில் இருந்தால் 24,000 டாலர். கிளாஸ் டூ எழுத நான்கு மாத ஆயத்தப் படிப்பு, பிறகு தேர்வுகள். ஒரே முறையில் எல்லாம் தேறாவிட்டால் கிட்டத்தட்ட ஓராண்டு வருமானமில்லாமல் போகும். அதற்கான பணத்தை ஃபோர்த், தேர்ட் காலத்திலேயே ஒதுக்கி வைக்காமல் காரும் மனையும் வாங்குபவர்கள்தான் கிளாஸ் ஃபோரிலேயே தங்கிவிடுகிறார்கள். டிரெய்னியிலிருந்து சீஃப் வரை எட்டு முதல் பத்து ஆண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வருமான வரி பற்றிச் சுருக்கமாக: ஏப்ரல் முதல் மார்ச் வரையான ஆண்டில் இந்தியாவில் 182 நாளுக்குக் குறைவாக இருந்தால் என்.ஆர்.ஐ. தகுதி கிடைக்கும். வெளிநாட்டுக் கப்பலில் வெளியே செய்த வேலைக்கான சம்பளம், வெளிநாடுவாழ் இந்தியருக்கான என்.ஆர்.இ. வங்கிக் கணக்கில் வந்தது என்ற காரணத்துக்காக மட்டும் அதை வருமானத்தில் சேர்க்கக் கூடாது என்று நேரடி வரிகள் வாரியம் 2017-ல் சுற்றறிக்கை விட்டது. சி.டி.சி.யில் உள்ள சைன் ஆன், சைன் ஆஃப் தேதிகள்தான் ஆதாரம். வெளியே இருந்த நாட்களில் பத்து குறைந்ததால் மொத்த ஆண்டுச் சம்பளத்துக்கும் வரி கட்டியவர்கள் உண்டு. மார்ச் நடுவில் இறங்க நினைப்பவர் முதலில் நாட்களை எண்ண வேண்டும்.

இருபது ஆண்டு கழித்து இந்த வேலை இருக்குமா

ஆளில்லாக் கப்பல் வந்துவிடும் என்று பயமுறுத்துகிறார்கள். தானாக ஓடும்படி கட்டப்பட்ட நார்வேயின் யாரா பிர்கெலாண்ட் 2022-ல் ஓடத் தொடங்கியது. பேட்டரியில் ஓடும் அது 120 பெட்டிகள் சுமக்கும் கடலோரக் கப்பல். நடுக்கடலில் பம்ப் பழுதானால் கழற்றிச் சரிசெய்ய ஆள் வேண்டும் என்பது பெருங்கடல் கப்பல்களுக்கு இன்னும் மாறவில்லை.

மாறுவது எரிபொருள். 2050-ஐ ஒட்டி நிகர உமிழ்வைப் பூஜ்யமாக்குவதாக ஐ.நா.வின் கடல்சார் அமைப்பான ஐ.எம்.ஓ. 2023-ல் இலக்கு வைத்தது. எல்.என்.ஜி.யும் டீசலும் சேர்ந்து ஓடும் இன்ஜின்கள் ஏற்கெனவே நிறைய, மெத்தனால் கப்பல்களும் ஓடுகின்றன, அடுத்து அமோனியா. இத்தகைய எரிபொருள்களுக்கான ஐ.ஜி.எஃப். விதிப்படி இவற்றில் வேலை செய்யத் தனிப் பயிற்சியும் அனுபவமும் வேண்டும். மெத்தனால் எரியும்போது பகலில் தீச்சுடர் கண்ணுக்கே சரியாகத் தெரியாது, அமோனியா நச்சு. இப்போது படிக்கப் போகும் பையனுக்கு இது சுமையா வாய்ப்பா என்றால், வாய்ப்பு என்பேன். பழைய சீஃப்களுக்கும் இது புதிதுதான், இந்தக் கப்பல்களில் முதல் சில ஒப்பந்தங்கள் ஓடியவர்களுக்குப் போட்டி குறைவு. மின்சாரமும் கண்ட்ரோலும் நன்றாகத் தெரிந்தவனுக்கு இன்னும் மதிப்பு. கேம்ஷாஃப்ட்டே இல்லாமல் கணினி கட்டளையில் எரிபொருள் தெளிக்கும் இன்ஜின்கள் வந்து இருபதாண்டுக்கு மேல் ஆகிறது.

கரைக்கு வந்தால் டெக்னிக்கல் சூப்பரிண்டெண்டண்ட், கப்பலின் தரத்தைச் சோதித்துச் சான்று தரும் இந்தியன் ரிஜிஸ்டர் ஆஃப் ஷிப்பிங் போன்ற வகைப்பாட்டு அமைப்புகளில் சர்வேயர், கப்பல் கட்டும் தளம், துறைமுகம், யு.பி.எஸ்.சி. வழியே டி.ஜி. ஷிப்பிங்கில் சர்வேயர், கல்லூரியில் ஆசிரியர். இவற்றில் நல்லவை எல்லாம் சீஃப்புக்கான கிளாஸ் ஒன் சான்றிதழையோ செகண்டாக, சீஃப்பாக ஓடிய அனுபவத்தையோ கேட்கும். சம்பளம் கடலைவிடக் குறையும். இரவுத் தூக்கம் கிடைக்கும் என்றும் நினைக்காதீர்கள். சூப்பரிண்டெண்டண்டின் தொலைபேசி எந்த நேரத்திலும் அடிக்கும். கிளாஸ் ஃபோரோடு கரையிறங்குபவருக்குத் தொழிற்சாலை, மின்நிலையம், டேட்டா சென்டர் பராமரிப்பு வேலைகள் உண்டு. ஆனால் அங்கே மெக்கானிக்கல் படித்தவரோடு சரிசமமாகத்தான் போட்டி போட வேண்டும்.

பெண்களுக்கும் இதே படிப்பு, இதே தேர்வு. இந்தியாவின் முதல் பெண் மரைன் இன்ஜினியர் சோனாலி பானர்ஜி 1999-ல் தேறி வந்தார். இன்னும் எண்ணிக்கை குறைவு, ஆனால் சில கம்பெனிகள் பெண்களைத் தேடி எடுக்கின்றன.

கடைசியாக, அந்த ஏஜென்ட்

கப்பல் வேலை வாங்கித் தர மாலுமியிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்பது, மாலுமிகளின் உரிமைக்கான சர்வதேச உடன்படிக்கையான எம்.எல்.சி.யின் விதி. இந்தியாவில் ஆள் சேர்க்க டி.ஜி. ஷிப்பிங் தரும் ஆர்.பி.எஸ்.எல். உரிமம் வேண்டும், உரிமம் பெற்ற நிறுவனங்களின் பட்டியல் டி.ஜி. ஷிப்பிங் தளத்தில் இருக்கிறது. பணம் கேட்பவர் பெரும்பாலும் அந்தப் பட்டியலில் இருக்க மாட்டார். ‘வேறொரு கம்பெனியின் உரிமத்தில் அனுப்புகிறேன்’ என்பார். அப்படியானால் அந்தக் கம்பெனியையே நேரில் கேளுங்கள். சில நாடுகளின் சி.டி.சி.யைப் பணத்துக்கு வாங்கித் தருகிறேன் என்றும் சொல்வார்கள். இந்தியத் தேர்வுக்கு அந்தச் சேவை கணக்கில் வருமா என்பதை எம்.எம்.டி.யில் கேட்காமல் ஒரு ரூபாய் கொடுக்க வேண்டாம்.

இப்படி அனுப்பப்படுபவர்கள் பெரும்பாலும் ஏறுவது வளைகுடாப் பக்கம் ஓடும் பழைய சிறு கப்பல்களில். உரிமையாளர் சம்பளமும் டீசலும் உணவும் அனுப்பாமல் கைவிட்டால் மாதக்கணக்கில் நங்கூரத்தில் கிடக்க வேண்டிவரும். 2024-ல் உலகில் கைவிடப்பட்ட மாலுமிகளில் இந்தியர்களே அதிகம் என்கிறது ஐ.டி.எஃப். என்ற சர்வதேசத் தொழிற்சங்கக் கூட்டமைப்பின் கணக்கு. எம்.எல்.சி. விதிப்படி, கைவிடப்பட்டால் நான்கு மாதச் சம்பளம் வரையும் ஊர் திரும்பும் செலவும் தரும் காப்பீட்டுச் சான்று கப்பலில் ஒட்டியிருக்க வேண்டும். மோசமான கப்பலில் அந்தக் காகிதமே இருக்காது, அல்லது காலாவதியாகியிருக்கும்.

ஆகவே அந்த ஏஜென்டிடம் இரண்டே எண் கேளுங்கள். ஒன்று ஆர்.பி.எஸ்.எல். எண். மற்றொன்று, மகன் ஏறப்போவதாகச் சொல்லும் கப்பலின் ஏழு இலக்க ஐ.எம்.ஓ. எண். கப்பலின் பெயரும் கொடியும் மாறிக்கொண்டே இருக்கும், இந்த எண் கப்பல் உடைக்கப்படும் வரை மாறாது. அதை எக்வாசிஸ் என்ற இலவசத் தளத்தில் தட்டினால், கட்டிய ஆண்டு, உரிமையாளர், எந்தத் துறைமுகத்தில் எத்தனை குறைபாட்டுக்காகப் பிடித்து வைத்தார்கள், எந்த வகைப்பாட்டு அமைப்பில் இருக்கிறது, காப்பீடு யாரிடம் என்பதெல்லாம் வரும். கப்பலுக்கு வயது முப்பதுக்கு மேல், ஆண்டுக்கொரு கொடி மாற்றம், கேள்விப்படாத வகைப்பாட்டு அமைப்பு என்று இருந்தால் அந்தக் கப்பல் வேண்டாம். இந்த எண்களைத் தர மாட்டேன், முதலில் அட்வான்ஸ் கட்டுங்கள் என்றால் அந்த ஏஜென்டும் வேண்டாம்.